விடைபெறும் படைத்தலைவரும் சமூகத்தின் கடப்பாடும்: ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

களத்தில் வீழ்ந்த வீரனைப் போற்றும் முறை பழந்தமிழ் மரபில் செம்மையாக வகுக்கப்பட்டுள்ளது. நடுகல் அமைத்தலைக் காட்சி முதலாக வாழ்த்து ஈறாக ஆறு படிநிலைகளாகப் பகுத்துரைக்கிறார் தொல்காப்பியர். தலைவனின் கண்களில் நீர் பெருகச் செய்யும் இறப்பை இரந்தேனும் பெறத்தக்க பேறாகக் கருதுகிறது திருக்குறளின் படைமாட்சி, படைச்செருக்குப் பகுதி. எனினும், வீழாது பணி நிறைவுற்று உயிரோடு விடைபெற்றுச் செல்லும் படைத்தலைவனைச் சமூகம் எவ்வாறு சிறப்பித்தல் வேண்டும் என்னும் வினா, புறத்திணை ஆய்வுகளில் அத்துணை கவனம் பெறவில்லை. இறந்தவனுக்குச் செய்யும் சிறப்பில் துயரமே அறத்தின் இடத்தை நிரப்பிவிடுகிறது. உயிரோடு செல்பவனுக்குச் செய்யும் சிறப்பிலோ, எதன்பொருட்டு இதனைச் செய்கிறோம் என்னும் கேள்விக்கு விடை கூறியாக வேண்டியுள்ளது. அவ்விடையைச் சில இலக்கியச் சான்றுகளின் துணைகொண்டும் விடுதலைக்குப் பிந்தைய இந்திய வரலாற்றின் துணைகொண்டும் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வெற்றியா, பணியா?

படைத்தலைவனுக்குச் செய்யப்படும் சிறப்பு அவன் ஈட்டித்தந்த வெற்றிக்குரியது என்பது பொதுவான கருத்து. இக்கருத்துக்கு வலுவான சான்றாக விளங்குபவர் பீல்டு மார்ஷல் சாம் மானெக்‌ஷா. 1971 டிசம்பரில் பதின்மூன்று நாள்களில் முடிவுற்ற போரில் இந்தியத் தரைப்படைக்குத் தலைமை தாங்கிய அவருக்கு, 1973 ஜனவரியில் பீல்டு மார்ஷல் தகுதி வழங்கப்பட்டது. அத்தகுதியை இந்தியாவில் முதன்முதலாகப் பெற்றவர் அவரே. அதே மாதத்தில் அவர் தளபதிப் பொறுப்பிலிருந்து விடைபெற்றார். பீல்டு மார்ஷல் தகுதி பெற்றவர் வாழ்நாள் முழுவதும் பணியில் இருப்பவராகவே கருதப்படுவர்.

ஆயினும் இச்சிறப்பின் பிற்பகுதி வேறொன்றைக் கூறுகிறது. அத்தகுதிக்குரிய ஊதிய நிலுவை அவருக்கு வழங்கப்பட்டது 2007ஆம் ஆண்டில்தான். குன்னூரில் வாழ்ந்துவந்த அவர், 27.06.2008 அன்று வெலிங்டன் படை மருத்துவமனையில் தம் 94ஆம் வயதில் மறைந்தார். படை மரியாதையுடன் உதகையில் நடைபெற்ற அவருடைய இறுதிச் சடங்கில் நாட்டின் முதன்மைத் தலைவர்கள் நேரில் கலந்துகொள்ளாமை அன்று கண்டனத்திற்கு உள்ளாயிற்று. பட்டம் வழங்குவதில் விரைந்த அரசு, பட்டத்தோடு வரும் கடமையை ஆற்றுவதில் முப்பத்துநான்கு ஆண்டுகள் காலந்தாழ்த்தியது. வெற்றிக்குரிய சிறப்பு வெற்றியின் நினைவு மங்கும்போது தானும் மங்கிவிடும் இயல்பினது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஊழும் புகழும்

வெற்றியை அளவுகோலாகக் கொள்வதில் மற்றுமொரு சிக்கலும் உண்டு. ஜெனரல் கே. எஸ். திம்மையா 1961 மே மாதத்தில் பெருமதிப்புடன் ஓய்வு பெற்றார். அவரையடுத்துப் பொறுப்பேற்ற ஜெனரல் பி. என். தாப்பர், 1962 அக்டோபர், நவம்பர் மாதங்களில் நிகழ்ந்த சீனப் போரின் தோல்வியை அடுத்துப் பதவி விலகினார். இருவருடைய ஆற்றலையும் ஒப்பிடுவது ஈண்டு நோக்கமன்று. அப்போர் பதினெட்டுத் திங்களுக்கு முன்னர் மூண்டிருப்பின் இவ்விருவரும் விடைபெற்ற முறை எவ்வாறு அமைந்திருக்கும் என்பதே வினா. அத்தோல்வியில் அரசின் கொள்கைக்கும் ஆயத்தமின்மைக்கும் பங்குண்டு என்பது வரலாற்றாசிரியர் பலரும் ஏற்கும் செய்தி. தன் ஆளுகைக்கு உட்படாத ஒன்றன் பொருட்டு ஒருவனை உயர்த்துவதும் தாழ்த்துவதும் முறையாகுமா என்னும் இவ்வினாவைத் தமிழ்மரபு ஊழ் என்னும் கருத்தாக்கத்தின்வழி நன்கு அறியும்.

இச்சிக்கலுக்குச் சங்கப் புலவர் ஒருவர் காட்டும் விடை கருதத்தக்கது. வெண்ணிப் போரில் கரிகாலன் வென்றான். மார்பை ஊடுருவிய வேல் முதுகிலும் புண் செய்தமைக்கு நாணிய சேரன் வடக்கிருந்தான். அதனைப் பாடிய வெண்ணிக் குயத்தியார், வென்ற மன்னனை முன்னிலைப்படுத்தியே, தோற்றவன் நின்னினும் நல்லன் அல்லனோ என்னும் பொருள்பட வினவுகிறார். வெற்றியை மறுக்காமலே மதிப்பை வெற்றியினின்றும் பிரித்துக் காட்டும் துணிவு இப்பாடலில் உள்ளது. ஏனாதி திருக்கிள்ளியைப் பற்றிய புறப்பாட்டும் இவ்வகையில் ஒப்புநோக்கத்தக்கது. அவன் பகைவர் புண்படாது புறங்கொடுத்தமையால் காண்பதற்கு இனியர். அவனோ வாள் பாய்ந்த தழும்புகளால் காண்பதற்கு இனியன் அல்லன், கேட்பதற்கே இனியன் என்கிறார் புலவர். ஈண்டுப் போற்றப்படுவது கைப்பற்றிய நிலமோ கவர்ந்த பொருளோ அன்று. பணியின்பொருட்டு உடல் ஏற்ற இழப்பே போற்றப்படுகிறது.

சேக்கிழார் காட்டும் விடைகொடுத்தல்

உயிரோடு விடைபெறும் படைத்தலைவர் ஒருவரைத் தமிழிலக்கியம் நேராகவே காட்டும் இடம் பெரியபுராணத்துச் சிறுத்தொண்டர் வரலாறு ஆகும். இயற்பெயர் பரஞ்சோதியார்; திருச்செங்காட்டங்குடியினர். மன்னனுக்காகப் படைநடத்தி வாதாபியை வென்று, பெரும்பொருளும் யானையும் குதிரையும் கொணர்ந்தவர். இவ்வெற்றியைக் கி.பி. 642ஆம் ஆண்டை ஒட்டிய முதலாம் நரசிம்மவர்மனின் வாதாபிப் படையெடுப்போடு அறிஞர்கள் தொடர்புபடுத்துவர்.

மன்னன் அவருடைய ஆற்றலைப் புகழ்கிறான். அவர் சிவனடியார் என்பதை அமைச்சர் உரைத்த அளவில் புகழ்ச்சி அச்சமாக மாறுகிறது. அடியார் ஒருவரைக் கொடும்போர் முனையில் செலுத்திவிட்டேனே என வருந்தி, அவரிடமே பொறுத்தருள வேண்டுகிறான். அது தம் தொழிலுக்குரிய கடமையே, அதனால் தீங்கென்ன என்கிறார் அவர். பின்னர் மன்னன் நிதியும் வாழ்வுக்குரிய வருவாயும் நல்கி, அவர் விரும்பிய தொண்டில் நிற்குமாறு வணங்கி விடைகொடுக்கிறான்.

இந்நிகழ்ச்சியில் மூன்று கூறுகள் நோக்கத்தக்கன. ஒன்று, விடைகொடுப்பவன் தன்னைக் கடன்பட்டவனாக உணர்தல். இரண்டு, எஞ்சிய வாழ்வுக்கு உரியதை உடனே அளித்தல். மூன்று, விடைபெறுபவர் இனி யாராக வாழ விரும்புகிறாரோ அதற்கு இடந்தருதல். மன்னன் போரையே தவறென்று கூறவில்லை என்பதும் அடியாரென அறியாதிருப்பின் வருந்தியிருக்க மாட்டான் என்பதும் உண்மையே. ஆயினும், ஏவியவன் ஏவப்பட்டவர்முன் பொறுப்பேற்று நிற்கும் காட்சி அரிதானது. பாராட்டுரையில் மட்டும் முடியும் விழாவில் அரசு தன் வெற்றியைத் தானே பாராட்டிக்கொள்கிறது. பொறுப்பேற்றல் உள்ள இடத்தில்தான் சிறப்பு மற்றொருவருக்கு உரியதாகிறது.

எதிர்வாதங்கள்

படைத்தலைவரைச் சிறப்பித்தல் போரைப் போற்றுவதாகாதா என்பது முதல் எதிர்வாதம். சிறப்பு வெற்றிக்குரியதாயின் இவ்வாதம் பொருந்தும். பணியின் சுமைக்குரியதாயின் பொருந்தாது. போரின் கொடுமையை உணர்ந்தவனே பரஞ்சோதியார்முன் வருந்தி நின்ற மன்னன் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

பல்லாயிரவர் உழைப்பில் தலைவரை மட்டும் சிறப்பித்தல் நீதியா என்பது இரண்டாவது எதிர்வாதம். இது முன்னதினும் வலியது. 2015ஆம் ஆண்டில் ஒரே பதவிக்கு ஒரே ஓய்வூதியம் வேண்டித் தில்லி ஜந்தர் மந்தரில் ஓய்வுபெற்ற படைவீரர்கள் பல மாதங்கள் போராடினர். விடைபெறும் தளபதிக்கு அணிவகுப்பு மரியாதை தரும் அதே நகரில், விடைபெற்ற சிப்பாய் தன் உரிமைக்காகத் தெருவில் அமர நேர்ந்தது. இம்முரண்பாட்டை விழாக்களால் மறைக்க இயலாது.

எனினும், விடைபெறும் சடங்கினுள்ளேயே இதற்கு விடையின் குறிப்பு உண்டு. ஜெனரல் நரவணே 30.04.2022 அன்றும் ஜெனரல் மனோஜ் பாண்டே 30.06.2024 அன்றும் தரைப்படைத் தளபதிப் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றபோது, அணிவகுப்பு மரியாதையை ஏற்றதோடு தேசியப் போர் நினைவுச்சின்னத்தில் மலர்வளையமும் வைத்தனர். 2019இல் திறக்கப்பட்ட அந்நினைவுச்சின்னத்தின் சுவர்களில், பணியில் உயிர்நீத்தோர் பெயர்கள் தனித்தனியே பொறிக்கப்பட்டுள்ளன. சிறப்பைப் பெறும் நாளிலேயே பெயர்பொறித்த கற்களின்முன் தளபதி தலைவணங்குகிறார். தமக்குக் கிடைப்பது தம்முடையது மட்டுமன்று என்பதை இச்செயல் ஒப்புக்கொள்கிறது. சிறப்பைப் பெறுபவரும் கடன்பட்டவரே.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளால், விடைபெறும் படைத்தலைவருக்குச் செய்யும் சிறப்பு வெற்றிக்குரிய பரிசு அன்று. பட்ட கடனை ஒப்புக்கொள்ளும் செயல் என்பது பெறப்படுகிறது. பரிசாயின் கொடுப்பவர் உயர்ந்தும் பெறுபவர் தாழ்ந்தும் நிற்பர். கொடுத்த அளவில் உறவும் முடிந்துவிடும். கடனாயின் கொடுப்பவரே பணிந்து நிற்க வேண்டும். கடன் விழா நாளோடு முடிவதுமில்லை. பெற்ற நன்றியின் அளவு பெற்றவரின் பண்பைப் பொறுத்தது என்னும் வள்ளுவர் கருத்தை ஈண்டுப் பொருத்தினால், விடைகொடுக்கும் முறையால் அளக்கப்படுவது விடைபெறும் தலைவரின் தகுதி அன்று. விடைகொடுக்கும் சமூகத்தின் தகுதியே ஆகும். அவ்வளவையில் தளபதியின் அணிவகுப்பு மரியாதையும், சிப்பாயின் ஓய்வூதியமும், முப்பத்துநான்கு ஆண்டுகள் தாழ்ந்து வந்த நிலுவையும் ஒரே கணக்கில் எழுதப்பட வேண்டியவையாம்.