மரங்களைப்போல் மனிதர்கள்



பெத்சாய்தாவில் நடந்ததை மாற்கு நற்செய்தியாளர் சில வரிகளில் சொல்லி முடித்துவிடுகிறார். பார்வையில்லாத ஒருவரை ஊரார் இயேசுவிடம் கூட்டி வருகிறார்கள். இயேசு அவருடைய கையைப் பிடித்து ஊருக்கு வெளியே அழைத்துப் போகிறார். கண்களில் உமிழ்ந்து, கைகளை வைத்து, ஏதாவது தெரிகிறதா என்று கேட்கிறார். ஆட்கள் நடமாடுவது தெரிகிறது, ஆனால் பார்வைக்கு மரங்களாகத்தான் இருக்கிறார்கள் என்கிறார் அந்த மனிதர். இயேசு மறுபடியும் கை வைக்கிறார். அதற்குப் பிறகுதான் எல்லாம் தெளிகிறது. நான்கு நற்செய்திகளிலும் ஆண்டவர் இரண்டாவது முறை கை வைத்துப் பார்வை கொடுத்தது இவர் ஒருவருக்குத்தான்.

இந்த மனிதரின் நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். இருட்டிலேயே இருந்தவருக்கு வெளிச்சம் வந்துவிட்டது. பச்சையும் நீலமும் தெரிகின்றன. இதுவே பெரிது, போதும் ஆண்டவரே என்று நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். அவர் போகவில்லை. மனிதர்கள் இன்னும் மனிதர்களாகத் தெரியவில்லை என்பதை வாய்விட்டுச் சொன்னார். சொன்னதால்தான் இரண்டாவது தொடுதல் கிடைத்தது.

இறந்தோரை நினைக்கும் நவம்பர் மாதத்தில் இருக்கிறோம். போன மாதம் உங்களில் பல குடும்பங்கள் இலைகள் நிறம் மாறுவதைப் பார்க்க அப்பலாச்சிய மலைகளுக்குப் போய் வந்தீர்கள். ப்ளூ ரிட்ஜ் சாலை, ஸ்மோக்கி மலை, மேற்கு வர்ஜீனியாவின் நியூ ரிவர் பள்ளத்தாக்கு என்று பார்த்த இடங்களையெல்லாம் திருப்பலி முடிந்ததும் போனில் எனக்குக் காட்டினீர்கள். படைத்தவரை வாழ்த்தத் தோன்றும் அழகு அது. பார்த்து மகிழ்ந்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த மலைகளை எங்கே நின்று, எந்தக் கோணத்தில் பார்க்க வேண்டும் என்று பலருக்கும் பழக்கிக் கொடுத்ததில் ஒரு சின்னப் பொருளுக்குப் பெரிய பங்கு உண்டு. அதுதான் படம் போட்ட தபால் அட்டை.

அமெரிக்காவில் 1898இல் வந்த ஒரு சட்டம், தனியார் அச்சிட்ட அட்டைகளையும் ஒரு சென்ட் தபால்தலையில் அனுப்ப வழி செய்தது. தொடக்கத்தில் பின்பக்கம் முழுவதும் முகவரிக்குத்தான். செய்தி எழுத வேண்டுமென்றால் படத்தின் ஓரத்தில்தான் இடம் தேட வேண்டும். 1907 மார்ச் முதல் பின்பக்கத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் செய்தி எழுத அனுமதித்தார்கள். அதன்பிறகு நாடே அட்டை எழுதியது. 1908 ஜூன் மாதத்தோடு முடிந்த ஓராண்டில் அங்கே தபாலில் போன அட்டைகள் 67 கோடிக்கும் மேல். அன்றைக்கு அந்த நாட்டின் மக்கள்தொகை 9 கோடிகூட இல்லை. மலையடிவாரத்துச் சின்ன ஊர்கள்கூடத் தங்கள் கடைத்தெருவையும் ரயில் நிலையத்தையும் கோயில் கோபுரத்தையும் அட்டையாக்கி விற்றன. இன்றும் அந்தப் பக்கத்துப் பழைய பொருள் கடைகளில் ஊர்ப் பெயர்வாரியாக அவற்றை ஷூ பெட்டிகளில் அடுக்கி வைத்திருப்பார்கள்.

1930களிலும் 40களிலும் வந்த அட்டை ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். கைத்தறித் துணியைத் தடவுவதுபோல் இருக்கும். தாளிலேயே இழை இழையாக அச்சு பதித்திருப்பார்கள், அதனால் மை சீக்கிரம் காயும், நிறமும் எடுப்பாக விழும். சிகாகோவில் கர்ட் டைக் என்ற ஜெர்மானியர் தொடங்கிய அச்சகம் இந்த வகைக்குப் பேர்போனது. மூலப்படம் கறுப்பு வெள்ளையில்தான் இருக்கும். வானம் எந்த நீலம், கூரை எந்தச் சிவப்பு என்று குறிப்பு எழுதி அனுப்புவார்கள், அச்சகத்தில் நிறம் ஏற்றுவார்கள். அங்கே படத்தைத் திருத்துவதற்கென்றே கலைஞர்கள் இருந்தார்கள். தெருவின் குறுக்கே ஓடும் தந்திக் கம்பிகள் கண்ணை உறுத்தினால் அழிப்பார்கள். கம்பங்களும் போய்விடும். வெறும் வானத்தில் மேகம் சேர்ப்பார்கள். பகலில் எடுத்த படத்தை இருட்டாக்கி, நிலாவை வைத்து, ஜன்னல்களில் மஞ்சள் பூசி இரவுக் காட்சியாக மாற்றுவார்கள். திறமையான வேலை, அதைச் செய்த கைகளை நான் குறை சொல்லமாட்டேன்.

இப்போது அந்த வகை அட்டைகளில் ஒரு காட்சி. மேற்கு வர்ஜீனியாவில் ஹாக்ஸ் நெஸ்ட் என்ற பாறை முனை. அங்கிருந்து கீழே பார்த்தால் நியூ ரிவர் ஆறு வளைந்து போகிறது. இரண்டு பக்கமும் செங்குத்தான காடு. கரையோரம் மெல்லிய கோடாக ரயில் பாதை. மேலே பளிச்சென்ற வானம். இந்தப் பாறையிலிருந்து தெரியும் காட்சி எத்தனையோ அட்டைகளில், எத்தனையோ ஆண்டுகளாக அச்சாகியிருக்கிறது. உங்களில் சிலர் அதே இடத்தில், அதே கல் சுவரில் சாய்ந்து நின்று படம் எடுத்திருப்பீர்கள்.

அந்த மலைக்குள் ஒரு சுரங்கம் இருக்கிறது. அட்டையில் அது தெரியாது. 1930இல் தோண்டத் தொடங்கினார்கள். ஆற்று நீரை மலையைக் குடைந்து திருப்பி, மின்சாரம் எடுத்து, உலோக ஆலை ஒன்றுக்குக் கொடுப்பது திட்டம். ஏறக்குறைய மூன்று மைல் நீளம். யூனியன் கார்பைட் நிறுவனத்துக்காக நடந்த வேலை அது. 1984 டிசம்பரில் போபாலில் நடந்த விஷவாயுக் கசிவுக்குப் பிறகு இந்தப் பெயர் நமக்குப் புதிதல்ல. சுரங்கம் தோண்டியபோது பொருளாதாரப் பெருமந்தக் காலம், வேலை தேடி மக்கள் ஊர் ஊராக அலைந்தார்கள். சுரங்கத்துக்குள் இறங்கிய ஏறத்தாழ 3,000 பேரில் பெரும்பாலோர் தென் மாநிலங்களிலிருந்து வந்த கறுப்பினத் தொழிலாளர்கள். அந்தப் பாறையில் சிலிக்கா மிக அதிகம். தண்ணீர் ஊற்றித் துளைத்தால் தூசி அடங்கும், ஆனால் வேலை தாமதமாகும். உலர்ந்த பாறையிலேயே துளைத்தார்கள். முகமூடி கொடுக்கவில்லை. வேலை முடிந்து வெளியே வந்தபோது கறுப்பு எது, வெள்ளை எது என்று தெரியாதபடி எல்லாரும் ஒரே வெண்தூசியாக நின்றார்கள் என்று உயிர் தப்பியவர்கள் பின்னால் சாட்சி சொன்னார்கள்.

நுரையீரலில் படிந்த சிலிக்கா சிலரை ஆண்டுக்கணக்கில் வாட்டியது. சிலரை மாதங்களிலேயே கொன்றது. எத்தனை பேர்? நிறுவனத் தரப்பு ஒப்புக்கொண்டது 109. 1936இல் நாடாளுமன்ற விசாரணையில் பேசப்பட்ட எண்ணிக்கை 476. பிற்காலத்தில் ஒரு மருத்துவர் பதிவேடுகளை ஆராய்ந்து கணக்கிட்டது 764. வெள்ளையருக்கான கல்லறைகளில் கறுப்பினத்தாரைப் புதைக்க விடாத காலம் அது. பலரைச் சம்மர்ஸ்வில் ஊருக்குப் பக்கத்தில் ஒரு சோள வயலில் புதைத்தார்கள். பெயர்ப்பலகை இல்லை, கல் இல்லை. பிறகு நெடுஞ்சாலையை அகலப்படுத்தியபோது அந்த எலும்புகளையும் தோண்டி வேறிடம் மாற்றினார்கள்.

இறைமக்களே, அட்டைக்காரர் பொய் சொன்னார் என்று நான் குற்றம் சாட்டவில்லை. அவர் பாறைமேல் நின்றார், கேமராவுக்குத் தெரிந்தது படமாயிற்று. ஆறு உண்மை, காடு உண்மை, வானத்து நிறம்கூட ஏறக்குறைய உண்மைதான். பெத்சாய்தா மனிதரும் முதல் தொடுதலுக்குப் பிறகு பொய்யாக எதையும் பார்க்கவில்லை. வெளிச்சம், உயரம், அசைவு எல்லாம் அவருக்குச் சரியாகவே தெரிந்தன. முகம் மட்டும்தான் தெரியவில்லை. நம் பார்வையும் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகிறது என்பதுதான் என் கவலை. ஓர் இடம் அழகாக இருந்தால், அங்கே யார் உழைத்தார்கள், யார் இருமிச் செத்தார்கள் என்று கேட்க நமக்குத் தோன்றுவதில்லை.

கோயிலும் இதற்கு விலக்கல்ல. அதே மாநிலத்தில் பொட்டோமேக்கும் ஷெனண்டோவாவும் கூடுகிற ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியின் அட்டைகளைப் பார்த்தால், ஊருக்கு மேலே குன்றில் நமது புனித பேதுரு ஆலயத்தின் கோபுரம் நிற்கும். ஆலயம் முதலில் எழுந்தது 1830களில். காட்சிக்கு அது ஒரு திலகம். உள்நாட்டுப் போரின்போது ஊர் பல முறை கைமாறியது. கிட்டத்தட்ட எல்லாரும் ஓடிப்போனார்கள். அயர்லாந்திலிருந்து வந்த மைக்கேல் காஸ்டெல்லோ என்ற இளம் குரு அங்கேயே தங்கி ஆலயத்தைக் காத்தார், காயம்பட்டவர்களுக்கு அருகில் இருந்தார். அட்டையில் கோபுரம் இருக்கிறது, அவர் இல்லை.

நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டிய இன்னொருவரும் குருதான்.

தபால் அட்டையின் பின்பக்கம் இரண்டாகப் பிரிந்த அதே 1907. டிசம்பர் 6, புனித நிக்கோலாஸ் திருநாள். மேற்கு வர்ஜீனியாவின் மோனாங்கா என்ற சின்ன ஊரில் இரண்டு நிலக்கரிச் சுரங்கங்கள் வெடித்தன. அரசுக் கணக்கில் 362 பேர் இறந்தார்கள். பாதிக்கு மேற்பட்டோர் இத்தாலி, போலந்து போன்ற நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள், நம்மைப்போல் ஆலயத்தில் மண்டியிட்டவர்கள். அமெரிக்கச் சுரங்க விபத்துகளின் வரலாற்றில் அதைவிடப் பெரிய சாவு இல்லை. சுரங்கத்துக்குள் உதவிக்குப் போன மகன்களும் தம்பிகளும் பதிவேட்டில் இல்லை, பெயர்கள் ஆங்கிலக் காதுக்கு எட்டியபடி எழுதப்பட்டன. அந்த ஊரில் ஒரு விதவையைப் பற்றிச் சொல்வார்கள். கணவரின் உடல் கிடைக்கவே இல்லை. அந்த அம்மா தினமும் சுரங்கத்துக்கு நடந்துபோய் ஒரு சாக்கு நிலக்கரி சுமந்து வந்து வீட்டுக்குப் பக்கத்தில் கொட்டினார். எரிக்கவில்லை, விற்கவில்லை. மண்ணுக்குள் கிடக்கும் கணவர்மேல் அழுத்தும் பாரம் அவ்வளவுக்காவது குறையட்டும் என்றாராம். சாகும்வரை சுமந்தார். வீட்டின் பக்கத்தில் கரி மலையாகக் குவிந்தது.

சுற்றுலா அட்டைக்கு அந்தக் கரிக் குவியல் ஏற்ற காட்சியா? அச்சகத்துக்குப் போயிருந்தால் அழித்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். அந்த வட்டாரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் மிகப் பெரிய மலை அதுதான்.

விபத்துக்கு ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கழித்து அந்த ஊருக்கு எவரெட் பிரிக்ஸ் அடிகளார் பங்குக் குருவாக வந்தார். முன்பு ஜப்பானில் மறைபரப்புப் பணி செய்தவர். அவர் வந்தபோது மோனாங்கா ஓர் அழகான பள்ளத்தாக்கு, அவ்வளவுதான். ஊருக்கு வெளியே யாரும் அந்தச் சாவைப் பேசுவதில்லை. அவர் வீடு வீடாகப் போய்க் கேட்டார், பழைய பதிவேடுகளைத் திருப்பினார், கல்லறைகளை எண்ணினார். அரசுக் கணக்கு குறைவு, இறந்தவர்கள் ஐந்நூறுக்கு மேல் இருக்கும் என்று வாதாடினார். சுரங்கத் தொழிலாளரின் பாதுகாவலியான புனித பார்பரா பெயரில் முதியோருக்கு ஒரு பராமரிப்பு இல்லம் எழுப்பினார். அந்த விதவைகளுக்கு ஒரு சிலை வேண்டும் என்று கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தார். தொண்ணூறு வயதைத் தாண்டி 2006இல் காலமானார். அடுத்த ஆண்டு, விபத்தின் நூற்றாண்டில், பிள்ளையை ஏந்திய ஒரு பெண்ணின் சிலையை மோனாங்காவில் நிறுவினார்கள்.

இரண்டாவது தொடுதலைப் பெற்ற கண் என்று நான் சொல்வது இந்தக் குருவின் கண்ணைத்தான். அதே பள்ளத்தாக்கைத்தான் அவரும் பார்த்தார். அங்கே மரங்களாகத் தெரிந்தவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைக்கும்வரை அவர் ஓயவில்லை.

பழைய அட்டைகளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் சாதாரணச் செய்திதான் இருக்கும். பத்திரமாக வந்து சேர்ந்தோம், மழை விடவில்லை, அம்மாவுக்கு இருமல் எப்படி இருக்கிறது, பதில் எழுது. அழகழகாக அச்சிட்ட முன்பக்கத்தைவிட இந்தக் கோணல் கையெழுத்து எனக்குப் பிடித்திருக்கிறது. அதில் திருத்துபவர் கை வைக்கவில்லை. நாம் கிறிஸ்து எழுதிய கடிதம் என்று பவுலடியார் கொரிந்தியருக்குச் சொல்கிறார். மனிதர் உள்ளத்தில் எழுதப்பட்ட கடிதத்தைப் படிக்க வேண்டுமானால் ஒருவருக்குப் பக்கத்தில் போக வேண்டும், பெயர் கேட்க வேண்டும், அவர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்க வேண்டும். மலைமேல் நின்றுகொண்டு அது முடியாது.

அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு சம்மர்ஸ்வில் அருகே இருக்கும் அந்தச் சுரங்கத் தொழிலாளர் கல்லறைக்கு ஒரு முறை போய் வாருங்கள். நெடுஞ்சாலையிலிருந்து அதிக தூரம் இல்லை. மோனாங்காவில் சிலைக்கு முன்னால் ஒரு பரலோக மந்திரம் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் அங்கே படித்த பெயர்களை எனக்குச் சொல்லுங்கள், இறந்தோர் பட்டியலில் நம் வீட்டார் பெயர்களோடு அவற்றையும் சேர்த்துத் திருப்பலியில் வாசிக்கிறேன்.

இன்றைய மன்றாட்டில் ஹாக்ஸ் நெஸ்ட் சுரங்கத்தில் மூச்சு நின்றவர்களையும், மோனாங்காவில் கணவரை இழந்த பெண்களையும் முதலில் சேர்த்திருக்கிறோம். எல்லாரும் எழுந்து நிற்போம்.