விரதமும் பட்டினியும்

வெள்ளிக்கிழமை. அம்மனுக்கு விரதமிருக்கிறீர்கள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் மட்டும்தான். உங்கள் வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்க வரும் அம்மாவும் சாப்பிடாமல்தான் வந்திருக்கிறார். இரண்டு வயிறும் காலி. இரண்டும் ஒன்றாகுமா?

மனிதனை இயக்கும் தேவைகளைப் படிப்படியாக வரிசைப்படுத்தினார் அமெரிக்க உளவியல் அறிஞர் ஆபிரகாம் மாஸ்லோ. 1943-ல் அவர் சொன்னது இது: முதலில் பசி, தாகம், அடுத்து பாதுகாப்பு, பிறகு அன்பு, மதிப்பு, கடைசியில்தான் தன் திறனை முழுமையாக வெளிப்படுத்தும் நிறைவு.

அப்படியானால், பசித்தவருக்கு பக்தி வராதா? பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டைப் பக்கம் போய்ப் பாருங்கள். பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் பூமி. பெரும்பாலும் வானம் பார்த்த விவசாயம். மழை பொய்த்தால் கூலியும் இல்லை. ஆனாலும், கையில் காசில்லாத நாளிலும் குலதெய்வத்துக்கு முடிந்து வைக்கும் மஞ்சள் துணிக் காசுக்குக் குறைவில்லை. அதே மாவட்டத்தின் சிறுவாச்சூரில், மதுரகாளியம்மன் சந்நிதியில் அரிசி இடித்து, வெல்லம் சேர்த்து மாவிளக்கு ஏற்றுகிறார்கள் பெண்கள். விளக்காக எரிந்த மாவே பிறகு பிரசாதமாகிப் பசியாற்றுகிறது. வயிற்றின் தேவையும் ஆன்மாவின் தேவையும் ஒரே தட்டில்!

ஆக, ஏழையின் பக்தி வயிறு நிறையும்வரை காத்திருப்பதில்லை. 'அதுதான் பக்தி இருக்கிறதே, சோறு எதற்கு?' என்று நாம் இருந்துவிடலாமா? கூடாது. வடலூரில் வள்ளலார் 1867-ல் தருமச்சாலையைத் தொடங்கி அடுப்பை மூட்டினார். சத்திய ஞான சபையில் ஜோதி தரிசனம் தொடங்கியது 1872-ல். முதலில் அடுப்பு, பிறகே ஜோதி! அந்த அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது.

நமக்கான பாடம் இதுதான்: நம் பசியை நாம் தள்ளிப்போடலாம், அடுத்தவர் பசியைத் தள்ளிப்போட நமக்கு உரிமையில்லை. சமையலறையில் அரிசி இருந்தும் உண்ணாதிருப்பது விரதம். அரிசியே இல்லாமல் உண்ணாதிருப்பது பட்டினி. முன்னதில் புண்ணியம் உண்டு. பின்னதைக் கண்டும் காணாமலிருப்பதில் பாவம் உண்டு.

அடுத்த வெள்ளியன்று விளக்கேற்றும் முன் அந்த அம்மாவிடம், ''சாப்பிட்டீங்களாம்மா?'' என்று கேளுங்கள். இல்லையென்றால், உட்காரவைத்து நாலு இட்லி போடுங்கள். அதன்பிறகு ஏற்றுங்கள் விளக்கை. அம்மன் முகம் அன்று கூடுதலாகப் பிரகாசிக்கும்!