அழிப்பவள் யார்?

இந்நாட்டின் கோப்பித் தோட்டங்களை அழித்தது யாது என வினவின், நம் பள்ளிப் பிள்ளைகள் தயங்காது விடை கூறுவர்: ஒரு பங்கசு. நாமும் அவ்வாறே கற்றோம். அவ்வாறே கற்பித்தும் வருகிறோம். அவ்விடை பிறந்த இடத்தை நாடிச் செல்லின், உண்மையான ஒரு பெயர் நீதியான பெயராகவும் அமையுமா என்ற கேள்வி நம்மை எதிர்கொள்கிறது.

1869ஆம் ஆண்டு மடுல்சீமைப் பகுதியிற் கோப்பியிலைகளின் அடிப்புறத்தே செம்மஞ்சட் தூள் படிந்த புள்ளிகள் காணப்பட்டன. இலைகள் காலத்துக்கு முன்னரே உதிர்ந்தன. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராயிருந்த துவைற்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பேர்க்கிலி என்னும் பாதிரியாரும் அவர்தம் துணைவர் புறூமும் அத்தூளை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து நோக்கினர். வித்தியின் ஒரு புறம் வழுவழுப்பாகவும் மறுபுறம் முட்போன்ற முனைப்புகள் கொண்டதாகவும் இருந்தது. அதுவரை எவரும் விவரித்திராத பங்கசு அது. பாதி வழுவழுப்பானது எனப் பொருள்படும் 'ஹெமிலியா' என்பதைச் சாதிப்பெயராகவும், 'வஸ்தாத்ரிக்ஸ்' என்பதை இனப்பெயராகவும் சூட்டினர்.

இவ்விரு சொற்களுள் முதலாவது கண்ட காட்சி. இரண்டாவது வழங்கிய தீர்ப்பு. வஸ்தாத்ரிக்ஸ் என்பது இலத்தீனிற் பெண்பாற் பெயர். தமிழிற் கூறின் 'அழிப்பவள்'. சாதிப்பெயர் பெண்பாலாதலின் இனப்பெயரும் பெண்பாலாயிற்று. இலக்கணம் செய்த வேலை. தோட்டத் துரைமாரோ அதனைப் பற்றிக்கொண்டு 'நாசகார எமிலி' எனக் கேலிப்பெயர் புனைந்தனர். நட்டத்தின் நடுவிலும் பழியை ஒரு பெண்ணின் தலையிற் போட அவர்களுக்கு நகைச்சுவை கைகொடுத்தது!

பேர்க்கிலியை நாம் குறைகூறவில்லை. உருளைக்கிழங்கு நோய்க்குப் பங்கசே காரணம் என, பலரும் மறுத்த 1840களில் வாதாடியவர் அவர். அத்தகையோரின் விவரணங்கள் இன்றேல் நோயை இன்னும் பனியின் மீதும் விதியின் மீதும் சுமத்திக்கொண்டிருப்போம். உலர்ந்த இலையிற் காணக்கூடியதை அவர் பிழையறக் கண்டார். உலர்ந்த இலையில் மலை தெரியாது, அவ்வளவே.

மலைக்கே வந்து பார்த்தவர் மார்ஷல் வார்ட். 1880இல் வந்து ஈராண்டளவு தங்கிய அவர், வித்திகள் காற்றிற் பரவி, ஈரமான இலையில் முளைத்து, இலைவாய் வழியே உட்புகுவதைக் காட்டினார். இடையீடின்றிப் பரந்துகிடந்த கோப்பியே பங்கசுக்குத் தீராத இரையாயிற்று என்பதும் அவர் ஆய்விற் புலனாயிற்று. 1870களின் இறுதியில் அப்பரப்பு இரண்டரை இலட்சம் ஏக்கருக்கும் மேல். பெரும்பாலும் காடாயிருந்த நிலம். அக்காட்டை வெட்டி எரித்தது பங்கசு அன்று. காற்றைத் தடுத்த மரங்களை வீழ்த்தியதும், கடன்பட்டு ஒரே பயிரை மேலும் மேலும் நட்டதும் அதுவன்று. கோப்பியைப் பங்கசு தின்றது மெய்யே. ஆயினும் ஒரு வாக்கியத்தில் எழுவாய் ஒன்றையே நிறுத்தினால், ஏனையோர் வழக்கிலிருந்து விடுதலையாகி விடுகின்றனர் அல்லவா?

தோட்டங்கள் முறிந்தபோது துரைமார் பலர் கப்பலேறினர். மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்து, வாந்திபேதிக்குத் தப்பி வந்த தமிழகத் தொழிலாளரின் கூலி நிலுவையில் நின்றது. 'உன் கூலியைத் தின்றது எது?' என அவர்களை எவரேனும் கேட்டிருப்பின், இலையைக் காட்டியிருப்பரோ, பங்களாவைக் காட்டியிருப்பரோ?

அதே சரிவுகளில், அதே முறையில், தேயிலை நடப்பட்டது. 1946இல் அதன் கொழுந்திலும் கொப்புளங்கள் தோன்றின. அந்நோயின் பங்கசு அசாம் தேயிலையிலிருந்து 1898இலேயே விவரிக்கப்பட்டிருந்தது. அதன் இனப்பெயர் 'வெக்ஸன்ஸ்'. வருத்துவது என்பது பொருள். அக்கொழுந்தைப் பறித்த கைகளை வருத்தியவை வேறு. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவற்றுள் ஒன்று.