லேசான துப்பாக்கியும் காயம்பட்ட பன்றியும்

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபிறகு வேட்டைத் துப்பாக்கி என்பது நமக்குக் கதைகளில் வரும் பொருளாகிவிட்டது. சங்கரன்கோவில் பக்கம் அதைப் பேச்சுக்குக் கொண்டுவந்தது காட்டுப்பன்றி. 2025 ஜனவரியில் தமிழக அரசு ஓர் ஆணை போட்டது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக்கூடாது. ஒன்றிலிருந்து மூன்று வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்றைத் தாண்டினால் வனத்துறையினர் சுடலாம்.

மக்காச்சோளம் போட்டிருக்கும் மாமா ஒருவர் என்னிடம் கேட்டார்: "சுட வாறவன் நீளத் துப்பாக்கிய வச்சுக்கிட்டு சோளத்துக்குள்ள எப்படி மாப்ள திரும்புவான்? கட்டையா, லேசா ஒண்ணு வேணும்லா?"

நியாயமான கேள்வி. மலையிலும் புதரிலும் அலைகிறவர்கள் எந்த நாட்டிலும் இதைத்தான் கேட்கிறார்கள். நாலு கிலோவைத் தோளில் போட்டு நாள் முழுக்க ஏறி இறங்கினால் அரைக் கிலோவின் அருமை தெரியும். சீமைக்கருவேல முள்ளுக்குள் நீளக் குழல் மாட்டிக்கொள்ளும்.

ஆனால் குறைத்த எடைக்கு வேறு இடத்தில் கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கிறது. குழலில் ஓர் அங்குலம் குறைந்தால் குண்டின் வேகம் நொடிக்கு 20 முதல் 50 அடி வரை குறையும் என்பது பொதுவான கணக்கு. இருபது முப்பது அடியில் நிற்கும் பன்றிக்கு அது பெரிய விஷயமில்லை. கை ஆடுவதுதான் விஷயம். லேசான துப்பாக்கி தோளில் ஓங்கி உதைக்கும். கட்டைக் குழல் காதை அடைக்கும். அடுத்த முறை உதைக்குப் பயந்த விரல் விசையை வெடுக்கென்று இழுக்கும். நெஞ்சுக்குப் போக வேண்டிய குண்டு வயிற்றுக்குப் போகும். பன்றி ஓடிவிடும், எங்கோ கிடந்து இரண்டு நாள் கழித்துச் சாகும். சுமக்கிறவனுக்குக் கிடைத்த சௌகரியத்துக்கு விலை கொடுப்பது அது.

ஜிம் கார்பெட் 1907-இல் சம்பாவத்தில் சுட்ட பெண்புலி 436 பேரைக் கொன்றதாக அவரே எழுதியிருக்கிறார். செத்த புலியின் வாயைப் பார்த்தால், வலப்பக்கத்து மேல், கீழ் கோரைப்பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. எவனோ சுட்ட பழைய குண்டுக்காயம். வழக்கமான இரையைப் பிடிக்க முடியாமல் அது மனிதனிடம் வந்தது என்பது அவர் முடிவு. அந்தப் புலியைக் கொன்றதற்கு மாகாண ஆளுநர் அவருக்குப் பரிசாகக் கொடுத்தது .275 ரிக்பி என்ற லேசான ரைஃபிள். பின்னாளில் அவர் கையில் அது அற்புதமாக வேலை செய்தது. லேசான துப்பாக்கி கெட்டதென்று நான் சொல்ல வரவில்லை. அது கார்பெட்டின் கையைக் கேட்கிறது. முதலில் சுட்டவன் பேர் யாருக்கும் தெரியாது. குறி தப்பியதென்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கியிருப்பான்.

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, உரிமம் இல்லாமல் துப்பாக்கிக் குழலை வெட்டிக் குறைக்கக் கூடாது என்கிறது. சட்டைக்குள் ஒளித்து மனிதனைச் சுடுவானே என்ற பயம் போல. காயம்பட்ட மிருகம் சட்டத்தின் கவலை இல்லை.

இதையெல்லாம் சொன்னதும் மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பன்னிக்கு வலிக்குமான்னு பாக்க. ஒரு ராத்திரில எனக்கு அம்புட்டும் போச்சே, அத யாரு பாக்கது?"

அவர் கோபத்தை நான் தள்ளிவிட மாட்டேன். கடன் வாங்கி விதைத்தவர். ஆனால் அவுட்டுக்காயை எதற்குக் குற்றம் என்கிறோம்? தீனி என்று கடித்த பன்றிக்குத் தாடை பிய்ந்து, தின்ன முடியாமல் நாள்கணக்கில் கிடந்து சாகிறது. திருட்டு மின்வேலியில் யானையும் சாகிறது, தண்ணீர் பாய்ச்சப் போன மனிதனும் சாகிறான். துப்பாக்கி இவற்றைவிட மேல் என்றால் அது உடனே கொல்கிறது என்பதால் மட்டும்தான். அதுவும் இல்லையென்றால் அரசு முத்திரை குத்திய அவுட்டுக்காய்தான் அது.

அதனால் என் யோசனை வேறு. சோளத்துக்குள் நடக்கவே வேண்டாம். வரப்போரம் பரண் கட்டி, கனமான நீளத் துப்பாக்கியைக் கட்டையில் சாய்த்து வைத்துக் காத்திருக்கலாம். கை ஆடாது. மேலிருந்து சுட்டால் தப்பிய குண்டும் மண்ணுக்குள் போகும். பக்கத்துப் புஞ்சையில் காவலுக்குப் படுத்திருப்பவன் மேல் பாயாது. தூக்கி அலைய வேண்டாம் என்றானபின் எடை ஒரு பாரமே இல்லை.

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. "பரண் நான் கட்டித் தாரேன் மாப்ள," என்றார் பிறகு. "விடிய விடிய முழிச்சுக் கெடக்க ஆளு அனுப்புவாங்களா?"