நமக்குப் புதுசுதானே!



கோல சிலாங்கூர் வட்டாரத்தில் நான் சமய வகுப்பு நடத்தும் தோட்டத்துக் கோயிலுக்கு, ஒரு பையன் இரண்டு வாரமாக வரவில்லை. வீட்டுக்கே போய்க் கேட்டேன். "எல்லாரும் என்னைப் 'பண்டல் சட்டை'ன்னு கூப்பிடுறாங்க அண்ணே" என்றான். எனக்குச் சுருக்கென்றது. அந்த வெட்கம் எனக்கும் பழக்கமானதுதான்.

எனக்குப் பதினான்கு வயதிருக்கும். பால்மரம் வெட்டிய என் அம்மா, ஒரு தீபாவளிக்குப் பத்தாங் பெர்ஜுந்தை பசார் மாலாமில் எனக்குப் பண்டல் சட்டை வாங்கினார். வெளிநாட்டிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் பழைய துணிதான் பண்டல். அம்மா அவசரப்படவில்லை. காலரைத் திருப்பிப் பார்த்தார். அக்குளில் தையல் விட்டிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார். விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, துணி நைந்திருக்கிறதா என்று பார்த்தார். பொத்தான்களை எண்ணினார். ஐந்து வெள்ளி கொடுத்தார். வீட்டில் சுடுதண்ணீரில் ஊறவைத்துத் துவைத்து, நல்ல வெயிலில் காயப்போட்டார். தீபாவளியன்று காலர் ஓரத்தில் மஞ்சள் தடவிச் சாமி முன்னால் வைத்தார்.

"பழசுக்கு எதுக்கும்மா மஞ்சள்?" என்று வெடுக்கென்று கேட்டேன்.

"நமக்குப் புதுசுதானே ஐயா" என்றார்.

வந்த நண்பர்களிடம், "கோலாலம்பூர்ல வாங்குனது" என்று பொய் சொன்னேன். பலகாரத் தட்டோடு நின்ற அம்மா கேட்டுவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. அது இன்றும் என்னைக் குத்துகிறது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பெருமாள் உடுத்திக் கழித்த ஆடையை அணிவதைப் பெரும் பேறாகத் திருப்பல்லாண்டில் பாடினார் பெரியாழ்வார். அவர் மகள் ஆண்டாள், தான் சூடிப் பார்த்த மாலையைப் பெருமாளுக்குக் கொடுத்தாள். அவன் அதையே விரும்பி ஏற்றான். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் சூடிய மாலை இன்றும் புரட்டாசி பிரம்மோற்சவத்துக்குத் திருப்பதி போகிறது. அம்மனுக்குச் சாத்திய சேலை கிடைத்தால் நாமும் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம்.

"அது சாமி உடுத்தியது, இது யாரோ உடுத்தியது" என்பீர்கள். அந்த யாரோவுக்குள் இருப்பது யார்? எல்லா உயிரிலும் இறைவன் இருக்கிறான் என்று வகுப்பில் ஒப்பிக்கிறோம். சட்டை விஷயத்தில் மட்டும் மறந்துவிடுகிறோமே! துணியின் அழுக்கு சுடுதண்ணீரில் போய்விடும். ஒரு பிள்ளையைக் கோயிலுக்கே வரவிடாமல் செய்த சொல்லின் அழுக்கு எதில் போகும்?

அடுத்த ஞாயிறு இந்தக் கதையை வகுப்பில் சொன்னேன். கேலி செய்தவர்களில் இரண்டு பேர் தலை குனிந்தார்கள். வகுப்பு முடிந்ததும் அவர்களே அந்தப் பையன் வீட்டுக்குப் போய்க் கையோடு அழைத்து வந்தார்கள்.

இந்தத் தீபாவளிக்குப் பண்டல் கடைக்குப் போகிறவர்கள், என் அம்மா மாதிரி பார்த்து வாங்குங்கள். யார் கேட்டாலும் மறைக்காமல் சொல்லுங்கள். பிறருக்குத் துணி கொடுப்பவர்கள், நீங்களே உடுத்தத் தயங்காததைத் துவைத்து மடித்துக் கொடுங்கள். மஞ்சள் வைக்க மறக்காதீர்கள். நமக்குப் புதுசுதானே!