ஏது இல்லாத தீர்ப்பு

வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஊருக்கு வந்தால், உறவுக்காரர் வீட்டுக் கம்ப்யூட்டரைப் பார்த்துக் கொடுக்கும் வேலை எப்படியும் வந்து சேர்ந்துவிடுகிறது. திரை திடீரென்று நீலமாகிறது. சில நேரம் கறுத்துப்போய்த் தானாகவே மறுபடி தொடங்குகிறது. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. பார்க்க உட்காருபவர் பெரும்பாலும் முதலில் கேட்பது, "சித்தப்பா, எதை அமுக்குனீங்க?" என்றுதான். கேட்பவருக்கு அது விசாரணை. கேட்கப்படுபவர் காதில் அது தீர்ப்பாக விழுகிறது. காரணம் தெரியாத பழுதைத் தேடப் போகும்போது பழியை முன்னால் வைப்பது மரியாதைக் குறைவு என்பது ஒருபுறம் இருக்கட்டும். பழுதைக் கண்டுபிடிக்கும் வழியையே அது அடைத்துவிடுகிறது என்பதுதான் நான் சொல்ல வருவது.

இப்படிப் பழி சொல்பவரிடம் காரணம் கேட்கப் பெண்ணாடத்துக்காரர்களுக்குக் கூடுதல் உரிமை உண்டு. சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதம் தந்த மெய்கண்டார் பிறந்த ஊர் அது. அந்த நூலின் 12 சூத்திரங்களும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று பகுத்தே விளக்கப்படுகின்றன. சொல்ல வந்த கருத்து முதலில், அதை நிறுவும் காரணம் அடுத்து, விளங்கவைக்கும் உதாரணம் அதற்கடுத்து. கடவுள் உண்டு என்பதற்கே ஏது சொல்லி நிறுவிய மரபு அது. "நீங்கதான் ஏதோ செஞ்சிட்டீங்க", "வைரஸாத்தான் இருக்கும்" என்பவை வெறும் மேற்கோள்கள். அவற்றுக்கு ஏது எங்கே?

ஏதுவைத் தேடினால் பழி பெரும்பாலும் நிற்பதில்லை. 2001இல் விண்டோஸ் எக்ஸ்பி வந்தது முதல், வீட்டுக் கம்ப்யூட்டரிலும் சாதாரண மென்பொருள்கள் தனித்தனியே பிரித்துவைக்கப்பட்டே ஓடுகின்றன. ஒன்று கெட்டால் அது மட்டும் மூடிக்கொள்ளும். முழுத் திரையும் நீலமாகிறது என்றால், பெரும்பாலும் கெர்னல் என்ற உள் அடுக்கில் ஓடும் டிரைவரிலோ, ராம், ஹார்ட் டிஸ்க் போன்ற உறுப்புகளிலோ கோளாறு என்று பொருள். 2024 ஜூலை 19 அன்று உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் இப்படி நின்றன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். சைபர் தாக்குதலோ என்ற பேச்சும் கிளம்பியது. காரணம், கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான ஒரு அப்டேட். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் எதையும் தவறாக அமுக்கவில்லை.

ஏதுவை எப்படித் தேடுவது என்பதற்குப் பீங்கான் ஒரு எடுத்துக்காட்டு. விருத்தாசலத்தில் செய்யப்படுவது போன்ற பீங்கான் பொருளில் விரிசல் கண்டால் அதன் விளிம்பைப் பார்க்க வேண்டும். மேற்பூச்சான கிளேஸ் உருகி விளிம்பு மழுங்கியிருந்தால் சூடேறும்போதே விரிந்தது. விளிம்பு கூராக இருந்தால் சூளை ஆறும்போது விரிந்தது. எப்போது என்று தெரிந்தால் ஏன் என்பது பாதி தெரிந்த மாதிரி. கம்ப்யூட்டரும் அப்படித்தான். அரை மணி நேரம் படம் ஓடிய பிறகே நிற்கிறது என்றால் சூட்டைச் சந்தேகிக்கலாம்: பிராசசர் விசிறியில் தூசி அடைத்திருக்கலாம், அதற்கடியில் தடவிய வெப்பம் கடத்தும் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். ஊரில் மோட்டார்கள் ஓடி விளக்கு மங்கும் வேளையில் நிற்கிறது என்றால் வோல்டேஜையும், கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸையும் சந்தேகிக்கலாம். நேரம் காலமில்லாமல், ஒவ்வொரு முறையும் வேறு வேறு பிழைக் குறியோடு நிற்கிறது என்றால் ராமைச் சோதிக்க வேண்டும். புது பிரிண்டர் மாட்டிய நாளிலிருந்து என்றால் டிரைவரைச் சந்தேகிக்கலாம். இந்த "எப்போது" முழுவதையும் கம்ப்யூட்டர் எழுதிவைப்பதில்லை. விண்டோஸின் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்று ஒரு பதிவு வரும். பெரும்பாலும் முறையாக அணைக்கப்படாமல் மறுபடி தொடங்கியது என்றுதான் அது சொல்லும். அந்த நிமிடம் விளக்கு மங்கியதா என்பது அங்கே இருந்த சித்தப்பாவுக்குத்தான் தெரியும். அதட்டலுக்குப் பயந்து அவர் "சும்மாதான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டால், இருந்த ஒரே சாட்சியும் போயிற்று.

பெரியவர்களுக்கு விவரமாகச் சொல்லத் தெரியாதே என்பார்கள். கலைச்சொல் தெரியாதுதான், நேரமும் சூழ்நிலையும் நன்றாகவே தெரியும். அவர்கள் சொன்ன நேரத்தைப் பதிவோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கவும் முடியும். சில சமயம் தவறு உண்மையிலேயே அவர்களுடையதாக இருக்கலாம், கண்டதையும் டவுன்லோடு செய்திருக்கலாம். அதுவும் பயமில்லாமல் சொன்னால்தானே நமக்குத் தெரியவரும்? இத்தனை விசாரணை எதற்கு, ஃபார்மட் போட்டால் தீர்ந்தது என்பவர்களும் உண்டு. மென்பொருள் கோளாறாக இருந்தால் தீரும். ராமோ மின்சாரமோ காரணமானால் பழுது திரும்ப வரும். அதற்குள் பழைய பதிவுகள் அழிந்திருக்கும், எடுத்துவைக்காத பேரன் பேத்தி படங்களும் போயிருக்கும். ஒரே நாளில் ராமைக் கழற்றி ரப்பரால் தேய்த்து, டிரைவரையும் மாற்றி, யூபிஎஸ்ஸையும் மாற்றுவதும் அதே அவசரம்தான். பழுது தீர்ந்தாலும் எதனால் தீர்ந்தது என்று தெரியாது.

இது கம்ப்யூட்டரோடு முடிவதில்லை. குறைந்த மதிப்பெண்ணுக்கும், ஏறிய சர்க்கரைக்கும், வீட்டில் கரைந்த பணத்துக்கும் நாம் ஆளைத்தான் முதலில் தேடுகிறோம். ஆள் கிடைத்ததும் தேடலை நிறுத்திவிடுகிறோம். காரணம் அங்கேயே இருந்துவிடுகிறது. ஆகவே அடுத்த முறை கீபோர்டில் கை வைக்குமுன் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு அவரை உட்காரச் சொல்லுங்கள். எப்போது நின்றது, அப்போது திரையில் என்ன இருந்தது, விளக்கும் மின்விசிறியும் எப்படி இருந்தன என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதன்பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள்.