கடைசி வரிசைத் தேரோட்டி



மாசி மகத்துக்கு மலாக்கா பொய்யாத விநாயகர் கோயிலிலிருந்து சன்னாசிமலைக்கு வெள்ளித் தேர் போவதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். கட உபநிடதம் இன்னொரு தேரைக் காட்டுகிறது. நம் உடம்புதான் அந்தத் தேர். ஐம்புலன்கள் குதிரைகள். மனம் கடிவாளம். புத்தி தேரோட்டி. உள்ளே அமர்ந்து போகிறவன் ஆன்மா. எமதர்மராஜன் நசிகேதனுக்குச் சொன்ன பாடம் இது. கேட்டவனும் உங்களை மாதிரி சின்னப் பையன்தான்.

இந்தக் காலத்துத் தேர் ஒன்றைச் சொல்லி இதை விளக்கலாம் என்று நினைக்கிறேன். ஃபார்முலா ஒன் காரில் ஒரே ஒரு இருக்கைதான். பக்கத்தில் உட்கார்ந்து கிருஷ்ணர் ஓட்டித் தர மாட்டார். கடிவாளத்தை நீயேதான் பிடிக்க வேண்டும். (பந்தயம் என்றதும் ஹைவேயில் படுத்துக்கொண்டு மோட்டார் ஓட்டுகிற ரெம்பிட் தம்பிகள் காலரைத் தூக்க வேண்டாம்! அங்கே குதிரை மட்டும்தான் ஓடுகிறது, கடிவாளத்தைக் காணோம்.)

கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர், நம் தமிழ்ப் பிள்ளை. 2005-இல் ஜோர்டான் அணிக்காக முதல் பந்தயம் மெல்பர்னில், இரண்டாவது நம்ம செப்பாங்கில். லூபோக் சீனாவிலிருந்து காரில் ஒரு மணி நேரச் சொச்சம்தான். அன்று 11-ஆவதாக வந்தார்.

மொத்தம் 46 பந்தயம் ஓட்டியிருக்கிறார். கிடைத்த புள்ளிகள் ஐந்தே ஐந்து. அவையும் ஒரே நாளில் வந்தவை. 2005 ஜூனில் அமெரிக்காவின் இண்டியானாபொலிசில், மிஷெலின் டயர் அந்தத் தடத்தைத் தாங்காது என்று தெரிந்ததும் 14 கார்கள் பந்தயம் தொடங்கும் முன்பே விலகிவிட்டன. மிச்சம் ஆறு கார்கள். அதில் இவர் நான்காவது. மற்ற நாளெல்லாம் உயிரைக் கொடுத்து ஓட்டியும் வராத புள்ளி, அன்றைக்கு மற்றவர்கள் போய்விட்டதால் வந்தது. வேலை செய்வது உன் கையில், பலன் உன் கையில் இல்லை என்று கீதையில் பகவான் சொல்வதை நாம் சுவரில் எழுதி வைத்திருக்கிறோம். அதற்கு இதைவிட நேரான உரை எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு சில வருஷம் வில்லியம்ஸ் அணியில் சோதனை ஓட்டுநர் வேலை. பந்தயத்தில் ஓட்ட இடம் இல்லை. 2011-இல் எச்.ஆர்.டி. என்ற சின்ன அணி கூப்பிட்டது. வருஷத்தின் பாதியிலேயே அவர் இருக்கையை ரிக்கியார்டோ என்ற இளைஞருக்குக் கொடுத்துவிட்டார்கள். இந்தியாவில் முதல்முதலாக நடந்த பந்தயத்துக்கு மட்டும் திரும்பக் கூப்பிட்டார்கள். போனார், 17-ஆவதாக முடித்தார். அடுத்த வருஷமும் அதே அணி, அதே கடைசி வரிசை.

2012 மார்ச்சில் செப்பாங்கில் நடந்ததை இன்னும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அதற்கு முந்தின வாரம் மெல்பர்னில் தகுதிச் சுற்றிலேயே அவர் தேறவில்லை. பந்தயமே ஓட்டாமல் திரும்பியவர் இங்கே வந்து கடைசி வரிசையில் நின்றார். அன்றைக்குச் சரியான மழை. மழை டயரோடு கிளம்பியதால், பந்தயத்தை நிறுத்தியபோது பார்த்தால் பத்தாவது இடம்! மறுபடி தொடங்கியதும் மெக்லாரன் ஓட்டிய பட்டன் இவர் கார் மீது மோதினார், அது தன் தப்பு என்று ஒத்துக்கொண்டார். கடைசியில் இரண்டு முறை உலகச் சாம்பியனான வெட்டல் முந்திப் போகும்போது இரண்டு காரும் உரசின. வெட்டலின் டயர் கிழிந்தது, கிடைக்க வேண்டிய புள்ளி போனது. ஓடுகிற காரிலிருந்தே இவருக்குக் கையால் அசிங்கமாகச் சைகை காட்டினார். பேட்டியில் வெள்ளரிக்காய் என்று ஏளனம் பண்ணினார். நடுவர்களும் நரேனுக்குத்தான் 20 விநாடி தண்டனை போட்டார்கள்.

உலகமே டி.வி.யில் பார்க்க, நம் வீட்டுப் பக்கத்தில் ஒரு தமிழனுக்கு நடந்த அவமானம் இது. நரேன் ஒன்றும் முனிவர் மாதிரி மௌனமாக இருக்கவில்லை, பதிலுக்குப் பேசத்தான் செய்தார். எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. மூன்று வாரம் கழித்து ஷாங்காயில் பந்தயம். அங்கே மறுபடியும் அதே மெதுவான காரில் ஏறி உட்கார்ந்தார் பாருங்கள், அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். கீதை பன்னிரண்டாம் அத்தியாயத்தில் தனக்குப் பிரியமான பக்தனைச் சொல்லும்போது, மானம் அவமானம் இரண்டிலும் ஒரே மாதிரி இருப்பவன் என்கிறார் பகவான். வலிக்காது என்று அவர் சொல்லவில்லையே. வலித்தாலும் கடிவாளம் கையை விட்டுப் போகக்கூடாது, அவ்வளவுதான்.

“அவருக்கென்ன அண்ணே, அப்பாவே ரேலி சாம்பியன், காசு இருந்துச்சு. நமக்கு என்ன இருக்கு?” என்று ஒரு தம்பி கேட்பான். நியாயமான கேள்வி. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பத்துப் பையனும் அவரும் ஒரே கோட்டிலிருந்து புறப்படவில்லை. அதை மறைத்துப் பேசினால் அது உபதேசம் இல்லை, ஏமாற்று. காசு ஒருவனை இருக்கை வரைக்கும் கொண்டு போகும். ஆனால் காசு இருக்கிறவனுக்குக் கடைசி வரிசையில் நின்று ஏச்சு வாங்க வேண்டிய அவசியமே இல்லையே? வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை என்பதைப் பாருங்கள்.

நம் பக்கத்தில் நான் பார்ப்பது வேறு. எஸ்.பி.எம். முடிவு வருகிறது. இரண்டு பாடம் போய்விட்டால் பையன் கோயில் பக்கமே வருவதில்லை. கூட்டாளிகள் முன்னால் போய்விட்டார்கள், என் முகத்தை எப்படிக் காட்டுவது என்கிறான். பதினேழு வயதில் ‘முடிஞ்சிருச்சு’ என்கிறான்! தேர் வடம் பிடித்த தம்பிகளுக்குத் தெரியும், இழுக்கிறவனுக்குச் சாமி முகம் தெரியாது. முதுகைக் காட்டிக்கொண்டுதான் இழுக்க வேண்டும். அதனால் வடத்தை விட்டுவிடுவோமா?

2012-ஓடு எச்.ஆர்.டி. அணியே மூடப்பட்டது. அப்போது நரேனுக்கு 35 வயது. ஃபார்முலா ஒன்னில் மறுபடி இடமே கிடைக்கவில்லை. ஜப்பானுக்குப் போனார். சூப்பர் ஃபார்முலா என்ற ஒற்றை இருக்கைப் பந்தயத்தில் 2014 முதல் 2018 வரை ஐந்து வருஷம், தன்னைவிடப் பத்து வயது இளைய பையன்களோடு ஓட்டினார். வெற்றி வரவில்லை. 2019-இல் கூரை போட்ட சூப்பர் ஜி.டி. காருக்கு மாறினார். அந்த நவம்பரில் ஃபூஜி தடத்தில் ஜப்பான் கார்களும் ஜெர்மனி கார்களும் சேர்ந்து ஓடிய பந்தயத்தில், 42-ஆவது வயதில், முதலாவதாக வந்தார்.

தம்பிகளே, எஸ்.பி.எம். சரியாக வராதவர்கள் மஸ்ஜித் தானா கொலேஜ் கொமுனிட்டிக்கு மனு போடலாம், ஐ.எல்.பி.க்கும் போடலாம். பாரம் நிரப்பத் தெரியவில்லை என்றால் ஐ.சி. நகலும் எஸ்.பி.எம். சிலிப்பும் எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் கோயில் மண்டபத்துக்கு வாருங்கள். அப்பா அம்மாவோடு வர வெட்கமாக இருந்தால் தனியாகவே வாங்க, உட்கார்ந்து நிரப்பலாம்.